சலாபக் கரையில் சிப்பி வளர்ப்பு: அரிப்புக் கடலில் நாங்கள் கற்றவை

முத்து வளர்க்கப் போகிறோம் என்று இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள அரிப்பு என்ற ஊரின் கரையில் யாரிடம் சொன்னாலும், அவர் முதலில் கேட்பது "எத்தனை மாதத்தில் முத்து வரும்?" என்பதைத்தான். முசலிப் பக்கத்துக் கடற்றொழிற் குடும்பங்கள் சில சேர்ந்து சிப்பி வளர்ப்பில் இறங்கியபோது எங்கள் கூட்டங்களிலும் அதுவே முதற் கேள்வியாக இருந்தது. சோளகமும் (தென்மேற்குப் பருவக்காற்று) வாடையும் (வடகிழக்குப் பருவக்காற்று) மாறிமாறி வந்து போன பின்னர், இதே வேலையைத் தொடங்க விரும்பும் வேறு கரையூர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர், ஓராண்டு முழுவதும் சிப்பியை உயிரோடு வைத்திருக்க உங்கள் ஊரால் முடியுமா என்று கேளுங்கள். அது முடிந்த ஊரில் மற்றத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளலாம். முடியாத ஊரில், எவ்வளவு நல்ல பயிற்சியாளர் வந்து போனாலும், அடுத்த பருவத்தில் கூடுகள் வெறுமையாகிவிடும்.

பாரம்பரிய முத்து வளர்ப்பை மீட்கிறோம் என்று எங்களைப் பற்றிச் சிலர் அன்போடு சொல்வதுண்டு. உண்மையில் இந்தக் கரையில் இருந்தது முத்துக்குளிப்பு. எங்கள் முன்னோர் முத்தை வளர்க்கவில்லை. ஐந்து முதல் பத்துப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்திலுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளில், கடல் தானாக வளர்த்த சிப்பியை, இரு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டி, கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து இறங்கி எடுத்தார்கள். சலாபம் எனப்படும் அந்த முத்துக்குளிப்பு எப்போது நடக்கும், எத்தனை தோணி போகும், எடுத்ததில் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் ஆட்சியில் இருந்தவர்களே தீர்மானித்தார்கள். ஆள்பதி பிரெட்ரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை அரிப்பில் கட்டுவித்த டொரிக் மாளிகையின் இடிபாடு இன்னும் கடலோர மேட்டில் நிற்கிறது. சலாபத்தை மேற்பார்வை செய்யும் காலத்தில் தங்குவதற்காகவே அது எழுப்பப்பட்டது. 1905 ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் பாளையமிட்டு நடத்திய சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் குளித்தவர்களின் பங்கு மூன்றில் ஒன்று. மற்ற இரண்டு பங்கும் அரசாங்கத்துக்குப் போயின. அடுத்த ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுக்கப்பட்டன. அந்தக் கம்பனியால் 1912 ஐத் தாண்ட முடியவில்லை. 1925 இற்குப் பிறகு அந்த அளவிலான சலாபம் எதையும் இந்தக் கரை காணவில்லை.

இந்த வரலாற்றை நான் இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பார்கள் வெறுமையாகப் போனது 1925 இல் மட்டும் நிகழ்ந்ததன்று. 1837 இற்குப் பின் 1855 வரைக்கும் சலாபமே நடக்கவில்லை. அதற்கு முன்னரும் பின்னரும் அப்படிப் பல இடைவெளிகள் இருந்தன. பார்கள் ஏன் வற்றுகின்றன என்று ஆராய அழைக்கப்பட்டு 1902 இல் வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனும் அவருக்கு உதவியாக வந்த ஹோர்னெலும் கண்ட ஒரு விடயம் எங்கள் வேலைக்கே அடிப்படையாக அமைந்தது. மேற்கே ஆழ்கடலை ஒட்டிக் கிடக்கும் 'பெரிய பார்' என்ற பாரில் சிப்பிக்குஞ்சுகள் திரும்பத்திரும்பப் பெருந்தொகையாக வந்து ஒட்டுகின்றன. ஒவ்வொரு தென்மேற்குப் பருவக்காற்றும் அவற்றை வாரிக்கொண்டு போய்விடுகிறது. அந்தக் குஞ்சுகளைக் காற்று வருமுன்னர் எடுத்துக் காப்பான பார்களில் இட வேண்டும், குஞ்சு ஒட்டுவதற்குக் கல்லும் ஓடும் பரப்ப வேண்டும் என்று ஹேர்ட்மன் பரிந்துரைத்தார். கடலில் குஞ்சுக்குப் பஞ்சமில்லை, வளர்ந்து ஆளாகும் இடத்துக்குத்தான் பஞ்சம் என்பதே அதன் பொருள். ஆக, எங்களுடைய வேலை அந்த இடத்தை உண்டாக்குவது.

குளிப்பு மரபு எங்களுக்குப் பயன்படவில்லை என்று இதை வைத்து யாரும் எண்ணிவிடக்கூடாது. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டும் கடற்கட்டியும், சிப்பிகளை நாட்கணக்காக அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்த கொட்டுகளும் போய்விட்டன. போகாமல் இருப்பது சங்கு குளிப்பவர்களின் அறிவு. எந்த இடத்தில் தரை பாறையாக இருக்கிறது, எங்கே மணல் நகர்கிறது, எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து நீரோட்டம் வருகிறது, கலங்கல் எவ்வளவு தூரத்துக்கு எட்டும் என்பவற்றை அவர்கள் தம் உடம்பாலேயே அறிந்திருக்கிறார்கள். பண்ணைக்கு இடம் தேடும் ஊர் முதலிற் போக வேண்டியது அவர்களிடந்தான்.

எங்களுக்கு அதன் பெறுமதி இடத்தெரிவிலேயே தெரிந்தது. கரைக்கு அண்மையில், ஆழம் குறைந்த, காவலுக்கு வசதியான இடமே பலருடைய விருப்பமாக இருந்தது. இளைப்பாறிய சங்குக் குளியாளி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, அருவியாறு பெருகினா அந்த இடத்துக் கடல் நிறமே மாறிப்போகும். சிப்பி வாயை மூடிக்கொண்டு எத்தினை நாளைக்குக் கிடக்கும்?" என்றார். அனுராதபுரப் பக்கத்து மழையெல்லாம் மல்வத்து ஓயா என்ற பெயரில் தொடங்கி, எங்கள் பக்கம் அருவியாறாகி, அரிப்புக்கு அண்மையிலேயே கடலில் விழுகிறது. வாடைக் காலத்தில் ஆறு பெருகும்போது வரும் நன்னீரும் சேறும் கரையோரக் கடலின் உவர்ப்பைக் குறைத்துவிடும். முத்துச்சிப்பி நல்ல உவர்நீரில் வாழும் உயிர். உவர்ப்புக் குறைந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாட்கள் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் உண்ணவும் மூச்சுவிடவும் வழியின்றி இறக்கும். அவருடைய சொல்லை மதித்து, பரீட்சார்த்தமாகச் சில கூடுகளைக் கரைக்கு அண்மையிலும் சிலவற்றை ஆற்றுவாயின் வீச்சுக்கு அப்பால் தெற்கே ஆழமான இடத்திலும் தொங்கவிட்டோம். மழைக்காலம் முடிந்து தூக்கிப் பார்த்தபோது அண்மைக் கூடுகளில் இருந்தவை பெரும்பாலும் வாய்பிளந்த வெற்றோடுகள். தெற்குக் கூடுகளில் சிப்பிகள் கல்லைப்போல் கனத்தன. பண்ணை முழுவதையும் ஓரிடத்தில் இறக்குவதற்கு முன் ஒரு மாரியையாவது இப்படிச் சோதித்துப் பார்ப்பது எந்த ஊருக்கும் அவசியம். அதற்குப் பெரிய செலவில்லை. காத்திருக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

குஞ்சு சேர்ப்பது பலரும் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. முட்டையிலிருந்து வெளிவந்த சிப்பி ஏறக்குறைய மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராக நீரில் மிதந்து திரிகிறது. பிறகு எதையாவது பற்றிக்கொண்டு நிற்க இடம் தேடுகிறது. வெங்காயம் வரும் வலைப்பைகளுக்குள் பழைய நைலோன் வலைத்துண்டுகளைத் திணித்து, வாயைக் கட்டி, பார்களுக்கு மேலாகக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டோம். உள்ளேயிருக்கும் வலையில் குஞ்சு ஒட்டுகிறது. வளர்ந்து பிடி தளரும்போது வெளிப்பை அதைக் கீழே விழாமல் தாங்குகிறது. வேறு இனச் சிப்பிக்குஞ்சுகளும் கூடவே வரும் என்பதால் நகக்கண் அளவில் இருக்கும்போதே தெரிந்து பிரிக்கப் பழக வேண்டும். பையை இறக்கும் காலந்தான் முக்கியம். மிக முன்கூட்டியே இறக்கினால் பாசியும் கொட்டலசும் (பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிர்) இடத்தைப் பிடித்துவிடும். பிந்தினால் குஞ்சு கடந்து போய்விடும். எங்கள் கடலில் பருவக்காற்றுகளை ஒட்டியே சிப்பிகள் கருவிடுகின்றன. ஆகவே மாதத்துக்கொரு சில பைகளாக ஆண்டு முழுவதும் இறக்கி, எந்த மாதப் பையில் அதிகம் ஒட்டியது என்று குறித்து வைத்தோம். அந்தக் குறிப்புக் கொப்பி இன்று எங்களிடமுள்ள பொருட்களிலேயே விலைமதிப்பானது. வேறொரு கடலின் அட்டவணையை வாங்கிப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

கூட்டையும் கயிற்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தார் பூசிய இரும்புக் கம்பியைச் சட்டமாக வளைத்து, நைலோன் நூலால் பின்னிய தட்டையான பெட்டிக்கூடு போதுமானது. அதை ஊரிலேயே செய்யலாம். மேற்கே திறந்த கடல் என்பதால் சோளகம் பெயரும்போது மிதவைத் தெப்பங்கள் எங்கள் பக்கம் நிலைப்பதில்லை. இரு நங்கூரங்களுக்கிடையே நீண்ட கயிற்றை இழுத்து, அந்தக் கயிறே நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும்படி மிதவைகளை அளந்து கட்டி, அதிலிருந்து கூடுகளைத் தொங்கவிடுவது பாதுகாப்பானது. அலையின் அடி மேலே போய்விடும். கூடு மெதுவாகவே ஆடும். ஆனால் இழுவைமடிப் படகின் வலைக்குத் தப்பும் கயிறு எதுவும் இல்லை. 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் கடலில் இழுவைமடி முழுமையாகத் தடை செய்யப்பட்ட பின்னரும் அது நின்றுவிடவில்லை. ஒரே இரவில் கயிற்றோடு கூடுகளையும் இழந்த குடும்பத்தின் துயரத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாரின் தரையையே உழுதுவிடும் அந்தத் தொழில் தொடரும்வரை, மன்னார் வளைகுடாவின் எந்தக் கரையிலும் சிப்பிக்கு எதிர்காலம் பற்றிப் பேசுவது கடினம்.

அடுத்தது, இந்த வேலையின் பெரும்பகுதி. சிப்பி வளர்ப்பு என்றால் பெரும்பாலும் சிப்பியைத் துப்புரவு செய்வது என்றே விளங்கிக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் கூட்டின் கண்கள் பாசியால் அடைபட்டு நீரோட்டம் நின்றுவிடும். சிப்பிக்கு இரை கொண்டுவருவது அந்த ஓட்டமே. ஓட்டின் மேலே கொட்டலசு அடுக்கடுக்காக ஏறினால் வாயைத் திறப்பதற்கே சிப்பி சக்தியைச் செலவிட வேண்டும். ஆகவே கூடுகளை முறைவைத்துத் தூக்கி, ஒவ்வொரு சிப்பியாகக் கத்தியால் சுரண்டி, கழுவி, துப்புரவான கூட்டுக்கு மாற்றுகிறோம். சுரண்டும்போது ஓட்டின் ஓரத்து மென்மையான வளர்விளிம்பு உடையக்கூடாது. கூட்டைப் பற்றியிருக்கும் நாரை இழுத்துப் பிடுங்கக்கூடாது, அடியில் வெட்டிவிட வேண்டும். நாரை இழுத்துப் பிடுங்கிய சிப்பி வெளியே காயமில்லாமல் உள்ளே கிழிந்து சில நாளில் இறந்துவிடும். நிழலில், ஈரச்சாக்கு போர்த்து, விரைவாக முடித்துத் திரும்பக் கடலில் விட வேண்டும்.

எதிரிகளையும் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும். திருக்கையும் கிளாத்தியும் ஓட்டை நொறுக்கித் தின்னும். அவை கூட்டுக்குள் வர முடியாது. பேய்க்கணவாயும் நண்டும் சிறு வயதில் கூட்டின் கண் வழியாக நுழைந்து உள்ளேயே வளர்ந்துவிடும். மயிர்போன்ற தோல் மூடிய ஒருவகைச் சிறு சங்கு இன்னும் ஆபத்தானது. அது மிதந்து வந்து நுண்ணிய பருவத்திலேயே கூட்டில் குடியேறி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிப்பிகளை உறிஞ்சிவிடும். கூட்டின் ஒரு மூலையில் வெற்றோடுகள் சேரக் கண்டால் அந்தச் சங்கைத் தேடுங்கள். ஓட்டைத் துளைக்கும் புழுவுக்கு, சிப்பி இறுக வாய் மூடியிருக்கும்போது சிறிது நேரம் நன்னீரில் அமிழ்த்தி எடுப்பது உதவுகிறது. சிப்பி அந்த நேரத்தைத் தாங்கும், புழு தாங்காது. துளைக்கும் கடற்பஞ்சு பிடித்த சிப்பியை நாங்கள் மற்றவற்றோடு வைப்பதில்லை.

வேறு கடலிலிருந்து பெரிய இனச் சிப்பிகளைக் கொண்டுவந்தால் பெரிய முத்து எடுக்கலாமே என்ற யோசனையோடு வருபவர்களும் உண்டு. அதற்கு நாங்கள் உறுதியாக மறுத்தோம். 1990 களின் நடுப்பகுதியில் ஜப்பானின் பண்ணைகளில் முத்துச்சிப்பிகள் நோயால் பெருந்தொகையாக இறந்த வரலாறு இருக்கிறது. அந்நியச் சிப்பியோடு வரும் நோய் எங்கள் பார்களில் பரவினால் அதைத் திருத்த யாராலும் முடியாது. வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில், 1973 இல் இந்தியாவின் முதலாவது வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியதும் எங்களிடமுள்ள இதே இனச் சிப்பியைக் கொண்டுதான். 1981 இல் அங்கே குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கவும் கற்றுக்கொண்டார்கள். வெதுவெதுப்பான எங்கள் கடலில் முத்துப்படலம் ஜப்பானின் குளிர்ந்த நீரிலும் பார்க்க விரைவாகப் படிகிறது என்பதும் அவர்களுடைய அனுபவம்.

முத்தாக்கும் வேலையில் அரைமுத்திலிருந்து தொடங்குவதே ஊருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. சிப்பியின் வாயை மெதுவாக விரித்து, ஓட்டின் உட்பக்கத்தில் அரைக்கோள வடிவ அச்சொன்றைச் சுப்பர் குளூ வகைப் பசையால் ஒட்டி, மீண்டும் கடலில் விடுகிறோம். சிப்பி தன் ஓட்டுக்குப் பூசும் அதே படலத்தை அதன்மேலும் பூசுகிறது. சில மாதங்களில் எடுத்து, ஓட்டிலிருந்து வெட்டி, அச்சை நீக்கி, உள்ளே றெசின் நிரப்பி, பின்புறத்தைச் சிப்பியோட்டுத் துண்டால் மூடினால் பதக்கத்துக்கும் காதணிக்கும் உரிய பொருள் கையில் இருக்கும். இதற்குச் சத்திரசிகிச்சை இல்லை, சிப்பியின் இறப்பும் குறைவு. பிழை நேர்ந்தால் விரைவிலேயே தெரிந்து திருத்தலாம்.

முழுமுத்து வேறு. கொடைச்சிப்பி ஒன்றின் ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய மேலுறைத் தசையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் சதுரத் துண்டுகள் வெட்டி, வேறொரு சிப்பியின் இனப்பெருக்கச் சுரப்பியைச் சிறிதாகக் கீறி, ஓட்டிலிருந்து கடைந்த, முத்துக்குக் கருவாகும் மணியையும் அந்தத் துண்டையும் ஒன்றையொன்று தொடும்படி உள்ளே வைக்க வேண்டும். அந்தத் துண்டு வளர்ந்து மணியைச் சூழ்ந்து பையாகி, உள்ளே படலம் சுரக்கிறது. சிப்பி ஏறக்குறைய நாலரை சென்ரிமீற்றர் வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். வாய் தளர்ந்து திறப்பதற்குக் கடல்நீரில் மெந்தோல் (menthol) என்ற மயக்கப்பொருளைத் தூவுவார்கள். சுரப்பி கருவால் நிறைந்திருக்கும் காலத்தில் இதைச் செய்யக்கூடாது, மணி நில்லாது. சில சிப்பிகள் மணியைத் துப்பிவிடும், சில இறக்கும், எஞ்சியவற்றிலும் உருண்டையாக ஒளியோடு வருபவை ஒரு பகுதியே. முழுமுத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம் என்று இளம் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதனால்தான். மீன்பிடியும் நண்டுத் தொழிலும் அடுப்பை எரிய வைக்க, சிப்பி அதற்குத் துணையாக நிற்கும் நிலையே முதல் சில ஆண்டுகளுக்குப் பொருத்தமானது.

நண்டுச் சதை பிரிக்கும் தொழிலில் பழகிய பெண்களின் விரல்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தன. துண்டு வெட்டுவதிலும் அச்சு ஒட்டுவதிலும் அவர்களுடைய நிதானம் எங்கள் ஆண்களிடம் இல்லை. ஓட்டை மெருகிட்டுப் பொத்தானும் அணிகலனும் செய்யும் வேலையையும் அவர்களே நடத்துகிறார்கள். சிப்பி இறந்தாலும் ஓடு காசாகிறது என்பது பண்ணையின் இழப்பைத் தாங்கும் வலிமையைத் தந்திருக்கிறது.

அனுமதிகளைப் பற்றி ஒரு சொல். கடலில் கயிறு கட்டுமுன், நீருயிர் வளர்ப்புக்குப் பொறுப்பான அரச அதிகாரசபையான நெக்டாவிடமும் கடற்றொழில் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் விசாரித்து உரிய அனுமதியை எழுத்தில் பெறுங்கள். அதற்கும் முன்னர், அந்த நீர்ப்பரப்பில் வலை விடுபவர்கள் அனைவரையும், அரிப்பானாலும் சிலாவத்துறையானாலும் மரிச்சுக்கட்டியானாலும், ஒன்றாக அமர்த்திப் பேசுங்கள். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் 2007 இல் இடம்பெயர்ந்த எங்கள் குடும்பங்களும் திரும்பி வந்து மீண்டும் கட்டியெழுப்பிய கரை இது. ஒருவருடைய பண்ணை மற்றவருடைய வலைப்பாட்டை மறித்து இன்னொரு பிளவு உண்டாக இடம் கொடுக்கக்கூடாது. வடக்கில் கடலட்டைப் பண்ணைகள் வந்த இடங்களில் எழுந்த பிணக்குகளைக் கண்ட பின்னர், வள்ளங்கள் போகும் பாதையையும் கரைவலை இழுக்கும் பாட்டையும் முதலில் வரைபடத்தில் குறித்து, எஞ்சிய இடத்திலேயே கூடு இறக்குவது என்று நாங்கள் முடிவெடுத்தோம்.

பங்கீட்டையும் தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டோம். கூட்டைச் சுரண்டுபவர், குளித்துப் பார்ப்பவர், ஒட்டுபவர், மெருகிடுபவர் ஆகியோரின் உழைப்புக்குரிய பங்கு முதலில் பிரிக்கப்படும். அதன் பிறகே பணம் போட்டவரின் பங்கு. வெளியார் முதலீட்டோடு வரும்போதும் இந்த வரிசை மாறாது. இன்னொரு விதியும் அதிலே உண்டு. முத்தாக்கத்துக்குப் பயன்படுத்தாத வளர்ந்த சிப்பிகளில் ஒரு பகுதியை, சோளகம் அடங்கியதும், சங்குக் குளியாளிகள் காட்டும் பாறைத்தரைகளில் நெருக்கமாகப் பரப்பிவிட வேண்டும். ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் கடலில் விடும் கரு ஒன்றுகூடும். சிதறிக் கிடக்கும் சிப்பிகளால் பார் பெருகாது. அந்த இடங்களில் நங்கூரமிடுவதில்லை என்று அயலூர்ச் சங்கங்களும் உடன்பட்டிருக்கின்றன, அவற்றுக்கு மேலாகத் தொங்கும் வெங்காயப் பைகளின் கணக்கைத் தனியாக எழுதி வருகிறோம்.